அறுத்தவர் வைத்த பெயர்

பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் போகும் சாலையில் பம்மலைத் தாண்டினால் அடையாற்றங்கரையில் அனகாபுத்தூர். 2021இல் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்ட ஊர். பக்கத்துக் குரோம்பேட்டைக்குத் தோல் பதனிட்ட ஆலை பெயர் கொடுத்தது; தலைமுறைகளாகத் தறி ஓடிய இந்த ஊருக்குத் தறி பெயர் கொடுக்கவில்லை. வாழைநார்ச் சேலை நெய்யும் தறிகளைப் பார்க்கப் போன எனக்கு, சேலையைவிட ‘துணி’ என்ற சொல்தான் அதிக வேலை வைத்தது. தறிமேட்டில் கிடப்பதை நெய்பவர் துணி என்று சொல்வதில்லை, அது பாவு. ‘ஒரு பாவு முடிந்தது’ என்றுதான் கணக்கு. அறுத்து மடித்து வெளியே போன பிறகே அது துணி.

இது தற்செயல் அல்ல என்பது என் கட்சி. துணித்தல் என்றால் வெட்டுதல். துண்டு, துணுக்கு எல்லாம் அந்தக் குடும்பமே. மனத்தில் இருக்கும் இழுபறியை வெட்டி முடிவுக்கு வருவதால் துணிதல், அதிலிருந்து துணிவு. சங்க காலத்தில் ஆடைக்கு இன்னொரு பெயர் அறுவை, அதுவும் அறுத்தது. (இன்று அறுவை என்றால் சிகிச்சை, இல்லாவிட்டால் சலிப்பூட்டும் பேச்சு.) உடுப்பதால் உடை, மடிப்பதால் மடி, கலிங்க நாட்டிலிருந்து வந்ததால் கலிங்கம். வேட்டியை ‘வெட்டு’ என்பதோடு சேர்ப்பவர்களும் உண்டு. சுற்றிக் கட்டுவதைக் குறிக்கும் வடசொல்லோடு சேர்ப்பவர்களும் உண்டு. வழக்கு தீராததால் அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. மற்றவற்றைப் பாருங்கள்: வெட்டியவர், உடுத்தியவர், மடித்தவர், விற்ற நாடு என எல்லோரும் பெயருக்குள் இருக்கிறார்கள். நெய்தவர் மட்டும் இல்லை.

நெய்தவரின் சொற்கள் எங்கே போயின? புலவர் வீட்டுக்குப் போயின. நூல் புத்தகமானது, பாவு என்ற பா செய்யுளானது, பஞ்சையும் நூலையும் குறித்த பனுவல் இலக்கியமானது. 13ஆம் நூற்றாண்டு நன்னூல் இந்த ஒப்புமையை விரித்தே சொல்கிறது: சொல் பஞ்சு, புலவன் நூற்கும் பெண், வாய் அவள் கை, அறிவு கதிர். லத்தீனில் நெய்தலைக் குறிக்கும் ஒரே வேரிலிருந்து டெக்ஸ்டைலும் பிறந்தது, டெக்ஸ்டும் பிறந்தது. அங்கே துணியும் எழுத்தும் நெசவை நினைவில் வைத்திருக்கின்றன. தமிழில் பாகப்பிரிவினை நடந்திருக்கிறது. நெசவு புலவருக்கு, வெட்டு துணிக்கு.

இதைக் குறையாகச் சொல்லலாமா, புலமையையே நூற்பாகக் கண்டது அந்தத் தொழிலுக்குக் கிடைத்த மரியாதை அல்லவா, வள்ளுவரே மயிலாப்பூரில் நெசவு செய்தவர் என்று கதை இருக்கிறதே என்று கேட்கலாம். மரியாதைதான், உவமைக்குக் கிடைத்த மரியாதை. சங்கப் புலவர் இளவேட்டனாரின் பெயரோடு ஒட்டி நிற்கும் தொழில் ‘அறுவை வாணிகன்’ என்பது; துணி விற்றவர் அவர். இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது: தறியிலிருந்து துணியை அறுப்பவரும் நெசவாளிதானே, அந்தப் பெயரை அவரே வைத்திருக்கக் கூடாதா? தறி அருகே நின்றால் இதற்குப் பதில் கிடைக்கும். அறுக்கும்போது அவர் பாவை முழுதாக உருவிவிடுவதில்லை. அச்சிலும் விழுதிலும் கோத்த இழைகளின் நுனிகளை விட்டுவைத்து, அடுத்த பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அவற்றோடு பிணைக்கிறார். வாழைநாரிலும் இதே கதை: நாரின் நீளம் மரத்தண்டின் நீளம்தான், முடிச்சுப் போட்டு நீட்டினால்தான் குறுக்கிழையான ஊடை ஓடும். வாங்குபவருக்கு வெட்டில் தொடங்கும் பொருள், நெய்பவருக்குப் பிணைப்பில் தொடர்கிறது. அவர் பெயர் வைத்திருந்தால் வேறு வினையிலிருந்து எடுத்திருப்பார் என்றே எண்ணுகிறேன்.

நெய்தவர் பெயரில் இல்லாமல் போவதுதான் அனகாபுத்தூரின் பழைய சரக்குக்கும் நேர்ந்தது. கட்டம்போட்ட பருத்தித் துணி இங்கிருந்து நைஜீரியாவுக்குப் போனது; அந்த நாடு இறக்குமதியை இறுக்கியதும் தறிகள் அடங்கின. பிறகுதான் சணலும் வாழைநாரும் வந்தன. அந்தக் கட்டத்துணி உலகச் சந்தையில் ‘ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்’. ஒரு கெஜச் சதுரத்துக்குக் கைக்குட்டை என்று பெயர் வைக்க வியாபாரியால்தான் முடியும்! மெட்ராஸ் என்பதும் கலிங்கம் போலக் கப்பல் ஏறிய இடத்தின் பெயர். நைஜர் கழிமுகத்துக் கலபாரி மக்கள் இந்த வகைத் துணியை ‘இன்ஜிரி’ என்பார்கள். அங்கே பெண்கள் அதில் தேர்ந்தெடுத்த இழைகளைப் பிளேடால் அறுத்து உருவி, கட்டங்களுக்குள் புதுக் கோலம் கொண்டுவருகிறார்கள். அதன் பெயர் ‘பெலெட்டே பிட்டே’: வெட்டிய துணி. நம் சொல்லேதான். ஆனால் அந்த வெட்டு ஒரு கைவினை. வெட்டியவளின் உழைப்பு பெயரிலேயே இருக்கிறது. ஆகவே எனக்கு வெட்டு என்ற வினையோடு சண்டையில்லை, யாருடைய கை பெயரில் நிற்கிறது என்பதே கேள்வி.

சொல்லாராய்ச்சி கூலியைக் கூட்டாது என்பது உண்மை. பெயர் கூட்டும். காஞ்சிபுரம் என்ற சொல்லுக்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தயங்காத நாம், அனகாபுத்தூர்ச் சேலையை ‘நார்ப் புடவை’ என்று பொதுப்பெயரில் வாங்குகிறோம். அடுத்த முறை வாங்கும்போது பில்லில் ஊர்ப்பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள்.