உதயகிரியில் இரு அலுவலர்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், தக்கலையைக் கடந்ததும் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டையின் கருங்கல் மதில் தென்படும். ஏறக்குறைய 90 ஏக்கர் பரப்பு. நடுவே ஒரு குன்று. பீரங்கி வார்த்த அவ்விடம் இன்று மரங்கள் அடர்ந்த பூங்கா. பத்மநாபபுரம் அரண்மனையைக் கண்டு திரும்புவோர் இங்கும் சற்றே இறங்கிச் செல்லலாம். 'அழைத்தல்' என்றால் குருமடமும் கன்னியர் மடமும்தாம் என்று கருதும் குடும்பங்கள் நம்மிடையே பல. அரசு ஊதியம் பெற்று, மனைவியோடு இல்லறம் நடத்திய இருவரின் நினைவன்றோ இந்த மதிலுக்குள் இருக்கிறது!

ஒருவர் டிலனாய். 1741-இல் குளச்சல் போரில் மார்த்தாண்டவர்மரிடம் தோற்ற டச்சுக் கம்பெனியின் படைத்தலைவர், கத்தோலிக்கர். சிறைப்பட்டவர் திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சியாளரானார், இக்கோட்டையை வலுப்படுத்தினார். மக்கள் அவரை 'வலிய கப்பித்தான்' என்றனர். மற்றவர் நட்டாலத்தில் பிறந்த அரண்மனை அலுவலர் நீலகண்டபிள்ளை.

அலுவல்தான் இவர்களை ஒன்றுசேர்த்தது. குடும்பத்தில் அடுத்தடுத்து வந்த இழப்புகளால் பிள்ளை மனமுடைந்திருந்தபோது, டிலனாய் அவருக்கு யோபுவின் வரலாற்றைக் கூறினார் என்பது வழிவழிச் செய்தி. அதைக் கூறும்படி எந்த அரசாணையும் அவரைப் பணிக்கவில்லை. துப்பாக்கிக்கும் மதிலுக்கும்தான் அவருக்கு ஊதியம்.

பிள்ளை எல்லை கடந்து வடக்கன்குளம் சென்றார். 1745 மே 14-இல் சேசு சபைக் குரு புத்தாரி அடிகளிடம் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். மனைவி பார்கவி ஞானப்பூவானார். தேவசகாயம் துறவு பூணவில்லை. அரண்மனை அலுவலுக்கே திரும்பினார். ஆனால், தாழ்ந்தோர் எனத் தள்ளப்பட்டோருடன் கலந்து பழகினார். அவர்களோடு அமர்ந்து உண்டார். உயர்குடி அலுவலர் ஒருவர் அக்காலத்தில் செய்யக்கூடாத செயல் அது. 1749-இல் கைது செய்யப்பட்டார். பதவி போயிற்று. எருக்கம்பூ மாலை சூட்டி, எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக அலைக்கழித்தனர். கோட்டைக்கு அருகே புலியூர்க்குறிச்சிப் பாறையில், தாகம் தாளாது அவர் முழங்கையால் இடித்தபோது நீர் சுரந்தது என்பர். மக்கள் இன்றும் அந்நீரை அருந்திச் செல்கின்றனர்.

டிலனாய் பதவியில் நீடித்தார். அதைக் குறைகூறத் தோன்றலாம். எனக்கு மனம் வரவில்லை. ஒருவர் வேலையை இழந்தார், மற்றவர் வேலையிலேயே முதுமையடைந்தார். வேலைக்கு அப்பால் ஒரு குரல் இருவரையும் எட்டியிருந்தது. 1777-இல் மறைந்த டிலனாய், கோட்டைக்குள் கூரையிழந்த சிற்றாலயத்தில் மனைவி, மகனுடன் துயில்கிறார். கல்லறையில் இலத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன.

இங்கிருந்து நாகர்கோவில் வழியே கிழக்கே சென்றால் ஆரல்வாய்மொழி. அங்கே காற்றாடிமலையில் 1752 சனவரி 14 அன்று தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்டார். எலும்புகளை விசுவாசிகள் எடுத்துவந்து கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தனர். 2022 மே 15-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினருள் அப்பேறு பெற்ற முதல்வர் அவரே.

மலைமேல் ஏறும்போது காற்று பலமாக வீசும். முதியோர் மெல்ல ஏறுவது நலம். அவர் உயிர்துறந்த வேளையில் பெயர்ந்து விழுந்ததாகச் சொல்லப்படும் மணியடிச்சான் பாறை அங்குண்டு. ஏறிவரும் பிள்ளைகள் சிறு கல்லொன்றைப் பொறுக்கி அதைத் தட்டுகிறார்கள். வெண்கல மணியின் ஓசை எழுகிறது.