தீர்ப்புக்கும் தண்டனைக்கும் நடுவே



சென்ற வாரம் ஆராதனை முடிந்தபின் நம் சபையார் ஒருவர், "ஐயா, நேரில் பார்த்தவர்கள் இத்தனை பேர் இருக்கும்போது ஒரு கொலை வழக்கு ஏன் ஆண்டுக்கணக்கில் இழுக்க வேண்டும்?" என்று என்னிடம் கேட்டார். நானும் ஒரு காலத்தில் இதையே கேட்டவன்தான். அதைவிட மோசமான ஒன்றையும் செய்தவன். அதை இன்று உங்களுக்கு எழுதிவிடுகிறேன்.

நான் முன்பு ஊழியம் செய்த ஒரு கிராமச் சபையில், சாக்கடைத் தண்ணீர் போகும் வழி பற்றிய தகராறில் ஒரு வாலிபன் இன்னொருவனைக் கட்டையால் அடித்தான். அடிபட்டவன் மூன்றாம் நாள் மரித்தான். இருவரும் நம் பிள்ளைகள். திடப்படுத்தல் வகுப்பில் இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்துக் கற்பித்தவன் நான். அடக்க ஆராதனையில் பேசியபோது, அடித்தவனின் பெயரைச் சொல்லாமல் அவனைக் "காயீன்" என்று குறிப்பிட்டேன். அவனுடைய தாய் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்ததை ஜெபம் முடிந்து கண்களைத் திறந்தபின்தான் கண்டேன்.

ஒரு மாதம் கழித்து அந்தத் தாய் ஒரு கட்டுக் காகிதத்துடன் என் வீட்டுக்கு வந்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. பிரசங்கத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "நீங்கள் கூட வந்தால் நன்றாயிருக்கும், ஐயா" என்று மட்டும் சொன்னார். அப்படித்தான் நான் நீதிமன்றம் போகத் தொடங்கினேன்.

பிரியமானவர்களே, நம்மில் பலருக்குக் கைது என்பதே வழக்கின் முடிவாகத் தோன்றுகிறது. சட்டத்துக்கோ அது தொடக்கம். கைதானவனை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது நம் அரசியலமைப்பின் கட்டளை. இத்தகைய வழக்கில் 90 நாட்களுக்குள் காவல்துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், அவன் உரிமையாகவே பிணை கேட்கலாம். குற்றப்பத்திரிகை வந்தபின் அதன் நகல்களை அவனுக்கு இலவசமாகக் கொடுத்து, நடுவர் வழக்கை அமர்வு நீதிமன்றத்துக்கு ஒப்புவிக்கிறார். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவனுக்கு அரசின் செலவில் ஒருவரை நியமிக்கிறார்கள். இந்த வாலிபனுக்கும் அப்படியே நியமித்தார்கள். வாய்தாமேல் வாய்தா போன நாட்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை; வேப்பமரத்தடியில் காத்திருந்தோம், அவ்வளவே.

பின்பு நீதிபதி குற்றச்சாட்டை வனைந்தார். அதாவது, எந்தச் சட்டப்பிரிவின்கீழ், எந்தச் செயலுக்காக வழக்கு என்பதை எழுதி, அவனுக்கு வாசித்து விளக்கி, குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார். கொலை என்பது குற்றச்சாட்டு. அவன், "ஒப்புக்கொள்ளவில்லை" என்றான். எனக்குக் கோபம் வந்தது. ஊரே பார்த்ததை இவன் மறுக்கிறானே என்று நினைத்தேன். வெளியே வந்தபின் அவனுடைய வழக்கறிஞர் பொறுமையாக விளக்கினார்: "ஐயா, அவன் அடிக்கவே இல்லை என்று சொல்லவில்லை. கொலை என்பதை அரசு நிரூபிக்கட்டும் என்கிறான்." இரண்டுக்கும் உள்ள தூரம் அன்று எனக்கு விளங்கவில்லை.

சாட்சிகள் வந்தபோதுதான் விளங்கியது. நேரில் கண்டவர்கள் என்று ஐந்து பேர். அரசு வழக்கறிஞர் விசாரிக்கையில் ஐவரும் தடுமாறாமல் சொன்னார்கள். குறுக்கு விசாரணையில் இருவர், சத்தம் கேட்டு ஓடிவந்தபோது அவன் ஏற்கெனவே கீழே விழுந்து கிடந்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் பொய்யர்கள் அல்லர். பிறர் சொல்லிச் சொல்லிக் கேட்டதைத் தாங்களே கண்டதாக நம்பிவிட்டவர்கள். பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர், தலையில் ஒரே ஓர் அடி என்றார். மோசேயின் நியாயப்பிரமாணம் இரண்டு மூன்று சாட்சிகளைக் கேட்கிறது. நம் நாட்டுச் சட்டம் எண்ணிக்கை எதையும் கேட்பதில்லை, நம்பத்தகுந்த ஒரே சாட்சி போதும் என்கிறது. ஆனால் அந்த ஒருவரையும் எதிர்த்தரப்பு கேள்வி கேட்க விடவேண்டும். ரோமத் தேசாதிபதியாகிய பெஸ்து பவுலின் வழக்கில் எடுத்துச்சொன்ன முறைமையும் இதுதானே. அப்போஸ்தலர் நடபடிகள் இருபத்தைந்தாம் அதிகாரத்தை இந்த வாரம் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

சாட்சியம் முடிந்தபின், அவனுக்கு விரோதமாக வந்த ஒவ்வொன்றையும் நீதிபதியே எடுத்துக் கூறி, "இதைப் பற்றி என்ன சொல்லுகிறாய்?" என்று கேட்டார். இதற்குச் சத்தியப்பிரமாணம் இல்லை. அவன் பதில் சொல்லாவிட்டாலும், பொய்யே சொன்னாலும், அதற்காக அவனைத் தண்டிக்க முடியாது. நான் வியந்துபோனேன். கர்த்தரும் காயீனிடம் முதலில் ஒரு கேள்வியைத்தான் கேட்டார், அறியாதவராக அல்ல. நான் அந்த அதிகாரத்தின்மேல் பிரசங்கித்தவன், அந்தக் கேள்வியைத் தாண்டிப்போய்விட்டேன்.

தீர்ப்பு நாளில், கொல்லும் நோக்கம் நிரூபிக்கப்படவில்லை, ஆயினும் அந்த அடி மரணத்தை விளைவிக்கக்கூடும் என்று அறிந்தே அடித்தான் என்று நீதிபதி கண்டார். கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம். தண்டனையையும் அப்போதே சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவர் எழுதுவதை நிறுத்தி, அவனை நோக்கி, தண்டனையைக் குறித்து நீ சொல்ல வேண்டியது என்ன என்று கேட்டார்.

இந்தக் கேள்வி நம் சட்டத்தில் பழமையானதல்ல. 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம்தான் இதை அமர்வு நீதிமன்றங்களுக்குக் கட்டாயமாக்கியது. 1976-இல், சாந்தா சிங் என்பவரின் வழக்கில், இப்படிக் கேளாமல் மரண தண்டனை விதித்ததற்காகவே உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை நீக்கி, கேட்டுவிட்டுத் தீர்மானிக்கும்படி வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இந்தக் கேள்வி அப்படியே இருக்கிறது. காயீனும் தீர்ப்பைக் கேட்டபின், இந்தத் தண்டனை தன்னால் தாங்க முடியாதது என்று முறையிட்டான். கர்த்தர் அதைக் கேட்டு, ஒருவனும் அவனைக் கொன்றுபோடாதபடி அவன்மேல் ஓர் அடையாளத்தைப் போட்டார். என் பிரசங்கத்தில் அதுவும் இல்லை.

அவன் வெகுநேரம் தலைகுனிந்து நின்று, "ஒன்றுமில்லை, ஐயா" என்றான். வழக்கறிஞர் அவனுடைய வயதையும், தனித்திருக்கும் தாயையும், முன்பு எந்தக் குற்றமும் இல்லாததையும் சொன்னார். அரசு வழக்கறிஞர், போன உயிர் திரும்பி வராது என்றார். ஏழாண்டு கடுங்காவல், ஏற்கெனவே சிறையிலிருந்த நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். தீர்ப்பின் நகலை அவன் கையில் இலவசமாகக் கொடுத்து, உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம் என்றும் சொன்னார்கள்.

மரித்தவனின் தாய் வராந்தாவில் என்னை நிறுத்தினார். "அவனிடம் கேட்டார்களே, ஐயா. என்னிடம் ஒருவரும் கேட்கவில்லையே." சாட்சிக் கூண்டில் அவரிடம் கேட்டது இரத்தக் கறை படிந்த சட்டை மகனுடையதா என்பதைத்தான். பாதிக்கப்பட்டவருக்கும் 2009 முதல் மேல்முறையீட்டு உரிமை உண்டு, இழப்பீட்டுத் திட்டமும் உண்டு என்று பின்பு அறிந்து, அவரை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அழைத்துச் சென்றேன். ஆனால் அந்த வராந்தாவில் அவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தையும் இருக்கவில்லை.

மாலையில் பேருந்தில் திரும்பும்போது, தண்டனை பெற்றவனின் தாயருகில் உட்கார்ந்து, அந்த அடக்க ஆராதனைப் பிரசங்கத்தைப் பற்றிப் பேசினேன். மன்னிப்புக் கேட்டேன்.

"கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், ஐயா" என்றார். அதன்பின் ஊர் வரும்வரை சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.