அதிகம் ஓடாத வண்டி

'அதிகம் ஓடாத வண்டி' என்று விளம்பரத்தில் போட்டால் விலை ஏறும். 'ஒரே தடவைதான் கட்டினது' என்று பட்டுப்புடவைக்குச் சொல்கிற மாதிரி.

இங்கிலாந்தில் நண்பர் ஆசைப்பட்டது ட்ரையம்ஃப் ஸ்டாக். கூரையை மடக்கிவிட்டு நாலு பேர் நெடுந்தூரம் போகலாம். 1970 முதல் 1977 வரை கோவென்ட்ரியில் 25,877 வண்டிகள் செய்தார்கள். 3 லிட்டர் வி-8 எஞ்சின். சத்தம் சங்கீதம். ஆனால் சட்டென்று கொதித்துவிடும் என்று கெட்ட பேர். பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். கூலன்ட்டை மாற்றாமல் போட்டு வைத்தால் உள்ளே அரித்து, வண்டல் ரேடியேட்டரை அடைக்கும். தண்ணீர்ப் பம்ப் வேறு உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. மட்டம் இறங்கினால் முதலில் காய்வது அதுதான். சும்மா நிற்க நிற்க ஹோஸ் விரியும், டயர் கெட்டிப்படும், பிரேக் ஆயில் ஈரம் குடிக்கும்.

மீட்டரில் ஒன்பதாயிரம் மைல். "ஓடாததற்காகக் கொஞ்சம் குறைச்சுக் குடுங்க" என்றார் நண்பர்!

விற்கிற பெரியவர் சிரித்துவிட்டார். "மழையில எடுத்தா துருப்பிடிக்குமேன்னு பொத்திப் பொத்தி வெச்சேன். ரிடையர் ஆனதும் அவளோட பிரான்ஸ் முழுக்கச் சுத்தணும்னு பிளான்..."

க்ளவ் பாக்ஸில் பிரான்ஸ் மேப் இருந்தது. மடிப்பே கலையவில்லை.

விலையைக் குறைத்தார். ஒரு நிபந்தனை: ரிப்பேர் முடிந்ததும் அவரை ஒரு ரவுண்டு கூட்டிப் போகணும்.

போனோம். பாதி வழியில் தூறல். நண்பர் பதறிக் கூரையைத் தேட, பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நனையட்டும்ப்பா. வீட்டுக்குப் போய்த் துடைச்சுக்கலாம்."