வினிகர் தெரியும், அதன் இன்னொரு வேலை தெரியுமா?



இன்று ஒரு பழைய பாடம். நீல லிட்மஸைச் சிவப்பாக்கும். சமையல் சோடாவில் விட்டால் பொங்கி நுரைக்கும். ஊறுகாய் வாசனை அடிக்கும். எந்த அமிலம்? எத்தனாயிக் அமிலம். கடைக்காரர் வாயில் அசிட்டிக் ஆசிட்.

வினிகரில் இது நூற்றுக்கு நான்கைந்து பங்குதான், மீதி தண்ணீர். ஆய்வகத்துத் தூய அமிலம் வேறு ரகம். தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும். 16.6 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்தால் பனிக்கட்டி போல உறையும். தச்சு வேலைக்கு வாங்கும் வெள்ளைப் பசை தயாரிக்கவும் இது வேண்டும்.

இதற்கு இன்னொரு பயனும் உண்டு. அது எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான பாடம் இல்லை. இப்போது நீங்கள் பிள்ளை குட்டி பெற்றவர்கள், அதனால் சொல்கிறேன்.

பெண்களின் கருப்பை வாயில் இதே அமிலத்தை 3 முதல் 5 சதவீதக் கரைசலாகப் பஞ்சில் தொட்டு வைக்கிறார்கள். ஒரு நிமிடம் காத்திருக்கிறார்கள். மாற்றம் தொடங்கிய செல்களில் புரதம் அதிகம். அமிலம் பட்டதும் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். வெள்ளை தெரிந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. மேற்கொண்டு பார்க்க வேண்டும், அவ்வளவுதான். புற்றுநோயாக மாறும் முன்பே சிகிச்சை செய்துவிடலாம்.

இது நம் ஊரிலேயே நிரூபணமானது. 2000-ம் ஆண்டு தொடங்கி, திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு, பயிற்சி பெற்ற செவிலியர்களே இந்தச் சோதனையைச் செய்தார்கள். முடிவு 2007-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. சோதனை நடந்த பகுதிகளில் கருப்பைவாய்ப் புற்றுநோய் இறப்பு, நடக்காத பகுதிகளைவிட 35 சதவீதம் குறைவு. பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. நீர்த்த அமிலம், பஞ்சு, நல்ல வெளிச்சம், பழகிய கண்.

ஆனால் நம் பெண்கள் போவதில்லையே! "எனக்கு ஒண்ணும் இல்ல"ன்னு சொல்லிவிடுவார்கள். ஆரம்பத்தில் வலியோ வேறு அறிகுறியோ இருக்காது என்பதுதான் இந்த நோயின் குணம். வெட்கமும் சேர்ந்துகொள்கிறது.

30 வயது தாண்டிய என் மாணவிகளே, அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இந்தப் பரிசோதனை இலவசம். எச்.பி.வி. வைரஸைக் கண்டறியும் இன்னும் துல்லியமான சோதனையும் இப்போது வந்திருக்கிறது. உங்களுக்கு எது பொருந்தும் என்று டாக்டரிடம் கேளுங்கள். வீட்டு வினிகரை வைத்து யாரும் எதையும் முயல வேண்டாம்.

பையன்களே, இது பொம்பளைங்க விஷயம் என்று தள்ளிவிட்டுப் போகாதீர்கள். மனைவியை, அக்காவை, அம்மாவை வண்டியில் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். இந்த வாரத்துக்கான வீட்டுப்பாடம் இதுதான். முடித்தவர்கள் கமெண்டில் 'முடித்துவிட்டேன் டீச்சர்' என்று மட்டும் போடுங்கள், போதும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்