நூல்கள் குடியிருந்த மண்டபம்

விழா எடுப்பது எளிது. அதற்கு இடம் தேடுவதே அரிது. பிழைப்பை நாடி வெளி மாநிலம் வந்து குடியேறிய நமக்கு இதை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பொங்கல் விழாவாயினும், ஆண்டு விழாவாயினும், முதற் கேள்வி, “மண்டபம் கிடைக்குமா?” என்பதே.

கொல்கத்தாவில் நம் சங்கத்தின் செயற்குழு அண்மையில் கூடியபோதும் இக்கேள்வியே முன்னின்றது. வழக்கமான பள்ளிக்கூட மண்டபத்தோடு இம்முறை புதிய பெயரொன்றும் எழுந்தது. “நூல் நிலையமாக விளங்கிய மெட்காஃப் மண்டபத்தில் நம் தமிழ் விழாவை நடத்தினால் என்ன?” என்று இளைஞர் ஒருவர் வினவினார். கேட்டவர் முகமெல்லாம் மலர்ந்தது. அம்மண்டபம் பற்றிய விவரங்களைத் திரட்டும் பணி என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. அறிந்தவற்றை அன்பர்கள் முன் வைக்கிறேன்.

ஹூக்ளி ஆற்றங்கரையை ஒட்டி, ஸ்ட்ராண்டு சாலையும் ஹேர் தெருவும் கூடும் இடத்தில் நிற்பது அம்மண்டபம். உயர்ந்த அடித்தளத்தின்மீது முப்பது கொரிந்தியத் தூண்கள் சுற்றி நிற்கக் காண்பவர் கிரேக்கக் கோயிலோ என ஐயுறுவர். 1835-இல் இந்நாட்டுப் பத்திரிகைகளுக்கு விதிக்கப்பட்டிருந்த கட்டுப்பாடுகளை நீக்கியவர் சார்லஸ் மெட்காஃப். அவர் நினைவாக எழுந்த இக்கட்டிடம் 1844-இல் நிறைவெய்தியது. 1836-இல் தொடங்கிய கல்கத்தாப் பொது நூல் நிலையம் இதன் மேல்தளத்தில் குடிபுகுந்தது. பின்னர் அது அரசின் இம்பீரியல் நூல் நிலையத்தோடு இணைக்கப்பெற்று, 1903 ஜனவரி 30-ஆம் நாள் கர்சன் பிரபுவின் ஆட்சியில் இங்கேயே திறக்கப்பட்டது. பன்மொழிப் புலவர் ஹரிநாத் டே 1907 முதல் சில ஆண்டுகள் அதன் நூலகராகத் திகழ்ந்தார்.

1923-இல் நூல்கள் எஸ்பிளனேடு பகுதிக்குப் பெயர்ந்தன. நாடு விடுதலை பெற்றபின் அதுவே தேசிய நூல் நிலையம் என்னும் பெயர் தாங்கியது. அலிப்பூரில் உள்ள பெல்வெடேர் மாளிகையில் 1953 பிப்ரவரி முதல் நாள் பொதுமக்களுக்குத் திறந்து வைக்கப்பட்டது. நூல்களைப் பிரிந்த மெட்காஃப் மண்டபம் இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. நகரின் வாழ்வைக் காட்டும் கண்காட்சியும் அங்கே அமைக்கப்பட்டுள்ளது.

இனி, விழா நடத்துவது பற்றிக் காண்போம். மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னங்களுக்கென 1959-இல் வகுக்கப்பட்ட விதிகள் உள்ளன. அவற்றின்படி கூட்டம், வரவேற்பு, விருந்து, கலை நிகழ்ச்சி எதுவாயினும் அரசின் எழுத்து மூலமான அனுமதியின்றி நடத்தலாகாது. சமைப்பதும் உண்பதும் அதற்கென ஒதுக்கிய இடம் இருந்தால் அங்கு மட்டுமே. சுவரில் கீறுவதோ எழுதுவதோ குற்றமாகும்.

இதைச் செயற்குழுவில் படித்துக் காட்டியபோது மூத்த உறுப்பினர் ஒருவர், “தம்பி, புத்தகம் இருந்த இடத்தில் புளியோதரைக்கு இடமில்லை என்று சொல்லுங்கள்!” என்றார். சிரிப்பொலி அடங்கியதும், “ஐயா, இலை போடாமல் நம்மவர் விழா நிறைவு பெறுமா?” என்று நான் கேட்டேன். விடை கூறுவார் இல்லை. விழா பள்ளிக்கூட மண்டபத்திலேயே என்றும், குழந்தைகளை வேறொரு நாள் மெட்காஃப் மண்டபத்துக்கு அழைத்துச் சென்று காட்டுவது என்றும் முடிவாயிற்று.

நூல் நிலையமாக இருந்த கட்டிடத்தில் விழா நடத்துவது இழிவு என்பதன்று என் கருத்து. அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில் கார்னகியின் நன்கொடையால் கட்டப்பட்ட நூல் நிலையம் ஒன்றுண்டு. அதுவும் 1903 ஜனவரியிலேயே திறக்கப்பட்டது. நகரின் தலைமை நூல் நிலையம் 1972-இல் புதிய கட்டிடத்தில் அமைந்தது. பழைய கட்டிடமோ பிற்காலத்தில் விருந்துகளுக்கும் விழாக்களுக்கும் வாடகைக்கு விடப்பட்டது. 2019 முதல் அங்கே ஆப்பிள் நிறுவனத்தின் விற்பனைக்கூடம் நடைபெறுகிறது. ஆள் புழங்காத கட்டிடம் பாழாகும், புழங்கினால் பிழைக்கும்.

ஆனால் இவ்விரண்டு கட்டிடங்களுக்கும் பொதுவான செய்தி ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். நூல்களுக்கு வேறு வீடு கிடைத்தது. அதன் பின்னரே மண்டபம் பிறருக்காயிற்று. பெல்வெடேர் வளாகம் இருந்ததனால் மெட்காஃப் மண்டபம் நூல்களை இழந்தும் நாடு நூல்களை இழக்கவில்லை. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியும் தேசிய நூல் நிலையத்தைச் சேர வேண்டும். தமிழ் நூலும் இதற்கு விலக்கன்று. பேராசிரியர் வையாபுரிப் பிள்ளை தேடித் தொகுத்த நூற்செல்வமும் அங்கேதான் உள்ளது.

இதை நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. நம் சங்கத்தின் பின்னறையில் நான்கு அலமாரிகள் உள்ளன. ஊரை விட்டு வரும்போது பெட்டியில் இடம்பிடித்து வந்த நூல்கள், மறைந்த உறுப்பினர்களின் வீட்டார் அளித்த நூல்கள், அட்டை கிழிந்த பழைய வார இதழ்த் தொகுப்புகள் ஆகியவை அவற்றில் அடங்கும். அலமாரிகளை அகற்றிவிட்டுப் பிறந்தநாள், நிச்சயதார்த்தம் போன்ற நிகழ்ச்சிகளுக்கு அவ்வறையை வாடகைக்கு விடலாம் என்னும் தீர்மானம் வரும் பொதுக்கூட்டத்துக்கு வருகிறது. வாடகைப் பணம் தேவையற்றது என்று எவரும் கூறார். ஞாயிறுதோறும் தமிழ் கற்பிக்கும் ஆசிரியைக்கு நாம் அளிக்கும் தொகை மிகச் சிறிது. அதைக் கூட்டித் தர வேண்டுமாயின் வருவாய் வேண்டும்.

எனினும் அந்நூல்களுக்கு எந்தப் பெல்வெடேர் காத்திருக்கிறது? அலமாரியை விட்டு இறங்கினால் அவை செல்லும் இடம் பழைய காகிதக்காரரின் தராசுதான். பிறகு ஆசிரியை எழுத்துக் கூட்டக் கற்பித்த குழந்தை, படிக்க ஒரு நூல் வேண்டுமென்று எவரிடம் கேட்கும்?

ஆகவே என் வேண்டுகோள் இது. அறையை வாடகைக்கு விடுவோம்; அலமாரிகள் சுவரோரம் பூட்டிய கதவுகளோடு அங்கேயே நிற்கட்டும். உணவு முற்றத்தில் நடக்கட்டும். ஆணி அடிப்பதும் அலமாரிமேல் பாத்திரம் வைப்பதும் கூடா என எழுதி வாங்குவோம். வாடகையில் ஒரு பங்கை நூல்களுக்கு அட்டை கட்ட ஒதுக்குவோம். ஞாயிறு காலை மட்டும் அவ்வறை எவருக்கும் வாடகைக்கு இல்லை; அது குழந்தைகளுடையது.

பொதுக்கூட்டத்துக்கு அன்பர்கள் தவறாது வருக. வருமுன் ஒருமுறை அவ்வலமாரிகளைத் திறந்து பார்த்து வருக.