நூற்று நான்கு துளைகள்

மரத்தில் துளையிடும் இயந்திரமொன்றைப் பற்றி இப்பத்திரிகையில் எழுதுவதா என்று முதலில் நாமே தயங்கினோம். ஆயினும் கடந்த ஓராண்டில் எமக்கு வந்த தொலைபேசி அழைப்புகளிற் பல இவ்விடயம் குறித்தனவாகவே இருந்தன. ரொறன்ரோவில் ஓய்வுபெற்றிருக்கும் மைத்துனர், ஒஸ்லோவில் உள்ள பழைய மாணவர், இலண்டனில் வாழும் ஒன்றுவிட்ட தமையனார் ஆகிய மூவரும் கராஜிலோ நிலவறையிலோ தச்சுமேசை போட்டிருக்கிறார்கள். மூவருக்கும் ஊரில் ஒரு வீடு, அல்லது வீடு இருந்த ஒரு வளவு உண்டு. எந்த இயந்திரத்தை வாங்குவது, வாங்கியதை ஊருக்கு அனுப்பலாமா என்பதே அவர்கள் கேள்வி. கலைப் பட்டதாரியாகிய எம்மிடம் இதனைக் கேட்பது விந்தைதான். ஆனால் இவ்விடயத்தில் காசைக் கொட்டிக் கற்றவர்கள் நாம் என்பதை அவர்கள் எப்படியோ அறிந்திருக்கிறார்கள்.

எமது வீடு வலிகாமம் வடக்கில், மயிலிட்டிக்கு அண்மையில் உள்ளது. 1990 யூனில் அங்கிருந்து வெளியேறினோம். 2017 யூலையில் மயிலிட்டியின் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டதற்குப் பின்னரே எமது வளவை மீண்டும் மிதிக்கக் கிடைத்தது. சுவர்கள் நின்றன. ஓடு இல்லை, தீராந்தி இல்லை. கதவும் யன்னலும் மாத்திரமன்றி அவற்றின் நிலைகளும் இல்லை. கழற்றியவர் எவர் என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. தம்பி அங்கேயே தங்கிக் கூரையைப் போட்டு முடித்துவிட்டார். நான்கு கதவுகளும் ஆறு யன்னல்களும் எமது பங்கு.

செய்து முடித்த கதவுகள் யாழ்ப்பாணத்தில் விலைக்கு உண்டு. அலுமினியத்தில் இரண்டு நாளில் பொருத்தித் தரவும் ஆட்கள் உளர். தம்பியின் விருப்பம் அதுவே. ஐயா கட்டிய வீட்டுக்கு முதிரையில் நிலையும் வேம்பில் கதவும் இருந்தன. அவ்வாறே இருத்தல் வேண்டும் என்று நாம் பிடிவாதமாக நின்றோம். எமது வேலை ஒப்பந்தம் அடுத்த ஆண்டு முடிவடைகிறது. இயந்திரத்தை இங்கே ஈசா டவுனில் வாங்கி, பழகி, கப்பற் பொதியில் ஊருக்கு அனுப்பி, மரத்தை அங்கே எடுத்து அறுப்பது என்பதே திட்டம்.

கதவு யன்னல் வேலையின் உயிர் துளையும் கழுந்தும் என்பதை அறியாதவர்க்கு ஒரு வார்த்தை. குறுக்குச்சட்டத்தின் முனையைச் செதுக்கி நாக்குப்போல் ஆக்குவது கழுந்து. அது சென்று இறுகும்படி நெடுஞ்சட்டத்தில் நாற்சதுரமாகக் குடைவது துளை. துளையின் அகலம் சட்டத்தின் கனத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு. ஆணி இல்லாமலே நூறு ஆண்டு நிற்கும் மூட்டு இதுவே. கழுந்தை வாளால் அறுத்துவிடலாம், வருத்துவது துளைதான்.

கணக்குப் பார்த்தோம். யன்னலொன்றுக்குக் கதவு இரண்டு, கதவொன்றுக்கு மூலைக்கு ஒன்றாக 4 துளைகள், நிலைக்கு 4. ஆக 12. ஆறு யன்னல்களுக்கு 72. வாசற் கதவொன்றுக்குக் குறுக்குச்சட்டம் மூன்று, துளை 6; கீழ்ச்சட்டம் இல்லாத நிலைக்கு 2. ஆக 8. நான்கு கதவுகளுக்கு 32. மொத்தம் 104 துளைகள்.

எமது சிறுபராயத்தில் ஊர்த் தச்சர் ஒருவர் எமது முற்றத்திலிருந்து வேலைசெய்வதைப் பார்த்திருக்கிறோம். சட்டத்தின் மேல் ஒரு காலை மடித்து உட்கார்ந்து, துளையின் அகலத்துக்குச் சரியான உளியை நிறுத்தி, கொட்டாப்புளியால் ஓங்கி அடிப்பார். ஒரு வெற்றிலை மெல்லும் நேரத்திற் பாதித் துளை முடிந்துவிடும். நாம் உளியெடுத்துச் செய்த முதற்றுளை, அதுவும் மெதுமையான பைன் மரத்தில், ஐம்பது நிமிடம் எடுத்தது. மணிக்கட்டு மூன்று நாள் வலித்தது. முதிரை பைன் அன்று. இரும்புக்கு அடுத்த மரம். ஐம்பதைக் கடந்த கைக்கு 104 துளை இயலாது என்பது அன்றே தெளிவாயிற்று.

வழிகள் நான்கைந்து உண்டு. துரப்பணத்தால் வரிசையாக வட்டத் துளையிட்டு, மூலைகளை உளியால் சதுரமாக்குவது மலிவானது. நேரம் பாதியாகும், வலி பாதியாகாது. ரவுட்டர் எனப்படும் அதிவேகக் கருவியால் குடையலாம். துளையின் இரு முனைகளும் வளைந்து நிற்கும் என்பதால் கழுந்தையும் வளைக்க வேண்டும். சிறு தளபாடங்களுக்கு அது நல்லது. கதவு நிலையின் ஆழத்துக்கு அதன் அலகு எட்டாது. நிறுத்திவைத்த துரப்பணத்தில், அதாவது ட்றில் பிரஸ்ஸில், சதுர உளியைப் பொருத்தும் இணைப்பு ஒன்றும் விற்கிறார்கள். அதனை மாட்டவும் கழற்றவும் அரை நாள் வேண்டும். ட்றில் பிரஸ்ஸின் கைப்பிடியும் அவ்வளவு அழுத்தத்துக்கென ஆக்கப்பட்டதன்று. எஞ்சியது இவ்வேலைக்கென்றே அமைந்த மேசை இயந்திரம். கடைகளில் மோட்டிசர் என்று கேட்டால் காட்டுவர். நடுவில் உள்ளீடற்ற ஒரு சதுர உளி. அதனுள்ளே சுழலும் துரப்பண அலகு. அலகு வட்டமாகக் குடைந்து செல்ல, அதே அழுத்தில் உளியின் நான்கு விளிம்புகளும் மூலைகளைச் சீவிக்கொண்டு இறங்கும். உளி சுழலாது, நீண்ட கைப்பிடியை இழுத்து நாமே அழுத்துகிறோம். சதுரத் துளை ஒரே இழுப்பில் உண்டாவதை முதன்முறை கண்டபோது மாணவர்போல் வியந்து நின்றோம்.

இனி எமது அவமானத்துக்கு வருவோம்.

ஈசா டவுன் 1960களில் திட்டமிட்டுக் கட்டப்பட்டு, அன்றைய ஆட்சியாளர் ஷேக் ஈசா பின் சல்மானின் பெயரைத் தாங்கிய நகரம். இங்குள்ள மக்கள் சந்தையை அறியாத பஹ்ரெய்ன்வாழ் தமிழர் இலர். 2012 யூலையில் பெருந்தீ அதனைத் தின்றது, மீண்டும் எழுந்தது. நாட்டைவிட்டுப் போகிறவர்கள் விட்டுச்செல்லும் கட்டில் முதல் மூடப்பட்ட பட்டறைகளின் கருவிகள் வரை அங்கே குவியும். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அங்குதான் அதனைக் கண்டோம். வார்ப்பிரும்பு உடல், பச்சை வண்ணம், உறுதியான கைப்பிடி. விலை முப்பத்தைந்து தினார். புதியதன் விலையில் ஐந்திலொன்று என்று மனம் கணக்கிட்டது. மோட்டர்த் தகட்டில் 115 வோல்ற்று, 60 ஹேற்சு என்று தெளிவாகவே எழுதியிருந்தது. விற்றவரைக் குறைகூற இடமில்லை. வோல்ற்றளவைக் குறைக்க ஒரு நிலைமாற்றி வாங்கினால் போயிற்று என்று எண்ணினோம். அந்த 60 என்ற எண்ணை நாம் பொருட்படுத்தவில்லை.

அது ஓகஸ்ட் மாதம். கோடை நண்பகலில் வெளியிடங்களில் வேலைசெய்ய இந்நாட்டில் 2007 முதல் தடை இருக்கிறது. கராஜுக்குள் தச்சுவேலை செய்யும் ஆசிரியருக்குத் தடை விதிப்பார் இல்லை. ஐந்தாவது துளையோடு மோட்டரில் கைவைக்க முடியவில்லை. எட்டாவதில் அரக்கு எரிவதுபோல் மணம். பதினோராவதில் நின்றுவிட்டது. எம் இல்லாள் வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு, “சோறு அடிப்பிடிச்ச மணம் எண்டு அடுப்பைப் போய்ப் பாத்தன்” என்றார்.

மீடிறன் என்ற சொல்லைப் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது எமது பணப்பையைத் தொடும் என நினைத்ததில்லை. வீடுகளுக்கு வரும் ஆடலோட்ட மின்சாரம் செக்கனுக்கு இத்தனை தடவை திசைமாறி மீள்கிறது என்பதன் அளவு அது. பஹ்ரெய்னில் 50, பாலத்துக்கு அப்பால் சவூதியில் 60. தச்சு இயந்திரங்களில் உள்ள தூண்டல் மோட்டர் இந்த எண்ணைப் பின்பற்றியே சுழலும். நான்கு துருவ மோட்டராயின் 60இல் நிமிடத்துக்கு 1800 சுற்றுக்குச் சற்றுக் குறைவு. 50இல் 1500க்குச் சற்றுக் குறைவு. வேகம் ஆறிலொரு பங்கு குறைவதால் மட்டும் கேடில்லை. 60க்கெனச் சுற்றப்பட்ட கம்பிச்சுருளை அதே வோல்ற்றளவில் 50இல் ஓட்டும்போது இரும்பு உள்ளகத்தின் காந்தப்பாயம் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு கூடுகிறது. மோட்டர் அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறுகிறது. நாற்பது பாகை வெயிலில் அந்தச் சூடு போக இடமில்லை. நிலைமாற்றி வோல்ற்றளவையே மாற்றும், மீடிறனை மாற்றாது. வளைகுடா நாடுகள் ஆறும் தம் மின்வலைகளை இணைத்தபோதும் இதே இடர்தான். சவூதியின் அல் பாதிலி என்னுமிடத்தில் பெருநிலையம் அமைத்து, மின்சாரத்தை நேரோட்டமாக்கி, மீண்டும் ஆடலோட்டமாக்கியே கொடுத்து வாங்குகின்றனர். அரசுகளுக்கே அப்படியென்றால் எமது பன்னிரண்டு தினார் நிலைமாற்றி என் செய்யும்?

இதனாலேயே இதனைப் பத்திரிகையில் எழுதத் துணிந்தோம். இலங்கையின் மின்சாரம் 230 வோல்ற்று, 50 ஹேற்சு. பிரித்தானியா, நோர்வே, ஜேர்மனி, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து, அவுஸ்திரேலியா ஆகியவற்றிலும் அப்படியே. கனடாவும் அமெரிக்காவும் 120 வோல்ற்று, 60 ஹேற்சு. ரொறன்ரோ மைத்துனர் தமது இயந்திரத்தை இனாமாகவே அனுப்ப முன்வந்தார். கப்பற்கூலியையும் தாமே கட்டுவதாகச் சொன்னார். அந்த அன்பை மறுக்க எமக்கு இரண்டு வாரம் சென்றது. தகட்டில் 50/60 என இரண்டும் இருந்தால் மாத்திரம் அனுப்புங்கள் என்றோம். அவருடையதில் 60 மட்டுமே. மோட்டரை மட்டும் மாற்றலாமே என்றார். தனியாகக் கழற்றக்கூடிய மோட்டராயின் மாற்றலாம். இச்சிறு இயந்திரங்கள் பலவற்றில் அது உடலோடு ஒன்றாய் இருக்கிறது. கரித்துண்டு தேய்ந்து ஓடும் கைத்துரப்பணம், ரவுட்டர், கைவட்டவாள் போன்றவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவற்றின் மோட்டர் வேறு வகை, மீடிறனைப் பொருட்படுத்தாது. தக்க வலுவுள்ள நிலைமாற்றி இருந்தால் ஊரில் ஓடும். அவர் ரவுட்டரை அனுப்பினார்.

கடைசியில் புதியதையே வாங்கினோம், 50 ஹேற்சு என்ற தகட்டை மூக்குக்கண்ணாடி போட்டு வாசித்த பின்னர். மோட்டரின் வலுவைக் கடைக்காரர்கள் பெரிதாகப் பேசுவர். இவ்வளவு சிறிய இயந்திரங்களில் அரைக் குதிரைவலு போதும், பார்க்கவேண்டியவை வேறு. உளி இறங்கும்போது மரம் அசையாது. மேலே இழுக்கும்போதுதான் உளியைக் கவ்விக்கொண்டு மரமும் எழும். அதனை அமுக்கிப் பிடிக்கும் இரும்புக் கை மெலிந்ததாயின் இயந்திரம் முழுவதும் வீண். கடையில் நாம் அதைக் கையால் நெம்பிப் பார்த்தோம். இரண்டு இயந்திரங்களில் அது வில்போல் வளைந்தது. அடுத்தது உயரம். எமது கதவின் நெடுஞ்சட்டம் நான்கு அங்குல அகலம். அதனை விளிம்பில் நிறுத்தினால் உளிநுனிக்குக் கீழே இடம் இருக்க வேண்டும். ஒரு மரத்துண்டை அவ்வளவுக்கு அறுத்துக் கையோடு கொண்டுசென்றோம். கடைப்பையன் சிரித்தான்; சிரிக்கட்டும்.

கூடவரும் உளிகளை அப்படியே நம்பலாகாது. கடைசல் கோடுகள் தெரியும் உளி மரத்தைக் கிழிக்குமேயன்றிச் சீவாது. வெளிப்பக்கங்களைச் சாணைக்கல்லில் தேய்த்து மினுக்கி, உட்சரிவைக் கூம்புக் கல்லால் தீட்ட வேண்டும். அலகின் நுனிக்கும் உளியின் விளிம்புக்கும் இடையே ஒரு நாணயத்தின் கனமளவு இடைவெளி விடவேண்டும். எம்மிடமிருந்த பழைய இரண்டு ரூபாய்க் குற்றியை இதற்கென வைத்திருக்கிறோம். இடைவெளி இல்லையேல் இரண்டும் உரசி உளி நீலம்பாரித்துப் பதமிழக்கும். ஓர் உளியை அவ்வாறு இழந்தோம். துளையின் இரு முனைகளையும் முதலில் இட்டு, நடுவில் இடைவிட்டு இட்டு, எஞ்சிய மரத்தைப் பின்னர் எடுப்பதே முறை. அடுத்தடுத்து இட்டுச் சென்றால் உளி வெற்றிடத்தின் பக்கம் சாயும்.

இப்போது பைன் மரத்தில் முக்காலிகளும் ஒரு வாங்கும் செய்திருக்கிறோம். ஒரு துளைக்கு மூன்று நிமிடம். இங்கே ஒரு மரக்கடையில் தேடிப்பிடித்த வன்மரத் துண்டில் சோதித்தபோது ஏழு நிமிடம் சென்றது, கைப்பிடியில் தொங்கவேண்டியிருந்தது, ஆயினும் மணிக்கட்டு வலிக்கவில்லை. முதிரை எப்படி இருக்குமோ, போய்த்தான் பார்க்கவேண்டும். சந்தையில் வாங்கிய பச்சை இயந்திரம் கராஜின் மூலையில் பாரத்துக்கு உதவுகிறது. பசை ஒட்டும்போது பலகைகளின் மேல் ஏற்றி வைப்போம்.

சென்ற வாரம் யன்னல் வாய்களை அளந்து அனுப்பும்படி தம்பியிடம் கேட்டிருந்தோம். ஆறு யன்னலுக்கும் ஆறு அளவு வந்திருக்கிறது. அம்மாவின் அறை யன்னல் மற்றவற்றைவிட முக்கால் அங்குலம் அகலம். சுவர் அப்படியா, நாடா அப்படியா என்று தெரியவில்லை. மேலும் கீழும் நடுவுமாக மூன்று இடத்தில் மறுபடி அளக்கச் சொல்லி எழுதியிருக்கிறோம்.