நோய் நீக்கிய வாழைக்கன்று



"இழைய வளர்ப்புக் கன்று, இனி நோயே வராது" என்கிறார்கள். வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதையே இங்கும் சொல்கிறோம்.

முடிக்கொத்து நோய் 1913 முதல் இலங்கையில் உண்டு. இலைகள் ஒடுங்கி உச்சியில் கூடி நிற்கும், குலை வராது. அந்த வைரஸை நீக்க வாழையின் வளர்நுனியைச் சிறிதாக வெட்டி, வெப்பமும் சிலவேளை மருந்தும் கொடுத்து வளர்ப்பார்கள். அதில் பல நுனிகள் செத்துப்போகும். தப்பியவற்றிலும் சில குட்டையாகிவிடும். சில கலப்பின வாழைகளில் மரபணுவுக்குள் உறங்கும் வேறொரு வைரஸ் இழைய வளர்ப்பிலேயே விழித்துக்கொள்ளும்.

வைரஸை நீக்கியதால் கன்றுக்கு எதிர்ப்புச்சக்தி கூடுவதில்லை. பக்கத்து வளவு அழுக்கணவன் பூச்சி வந்தால் திரும்பவும் தொற்றும். ஆகவே வாங்கிய கன்றைக் கொஞ்சநாள் நிழலில் பழக்குங்கள். நோய் கண்டால் முதலில் பூச்சியைக் கொன்று, பிறகு கிழங்கோடு தோண்டி அழியுங்கள். பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள். அவர்களுடைய வாழை தப்பினால்தான் எங்களுடையதும் தப்பும்.